பிரபு எழுந்த ஞாயிறு

மும்பைக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது ஞாயிற்றுக்கிழமைதான். தாராவியில் நான் பை தைக்கும் பட்டறைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. சாத்தான்குளம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஞாயிறு மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்புவோம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். இங்கே அதே நேரத்தில் மிஷின் முன் உட்காருவது ஏதோ தப்புச் செய்வதுபோல் இருந்தது. போகப்போக, ஊசி ஓட ஓட வாய்க்குள்ளேயே ஜெபிக்கப் பழகிக்கொண்டேன்.

என் கணவர் செல்வராஜ் பெயின்டர். போன மழைக்காலத்துக்குப் பிறகு சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் எங்கள் வீட்டில் கட்டிலே கதியானார். ஜெபிக்கக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஈஸ்டருக்கு முந்தைய நாள், அதிகாலை ஆராதனைக்கு அவரையும் அழைத்துப்போவதாகச் சொன்னேன்.

“என்னைய இப்படிப் போட்டவர்கிட்ட நான் எதுக்குட்டி வரணும்?”

“அவரு போடல. கயிறு அறுந்துச்சு. அவர்கிட்ட சண்ட போடணும்னாலும் கோயில்ல வந்து போடுங்க.”

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். மறுநாள் விடியுமுன் பக்கத்து வீட்டு முருகன் அண்ணனும் அவர் தம்பியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டார்கள். இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. முன்னும் பின்னுமாகப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கோயிலில் அவர் பாடவில்லை. ஆனால் இரண்டாவது பாட்டில் அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டதைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். நேரமாகியிருந்தது. அவசர ஆர்டர் வேறு. சூப்பர்வைசர் சவிதா வாசலிலேயே மறித்தார். வேலை போய்விட்டால் வீட்டில் வேறு வருமானம் இல்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: “மேடம், ஆஜ் ஹமாரா பிரபு உட் கயா.” இன்று எங்கள் ஆண்டவர் எழுந்தார் என்று சொன்னதாகத்தான் நினைப்பு.

அவர் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அரே, கர் ஜா! காம் பே க்யூன் ஆயி?” என்றார். வீட்டுக்குப் போ, வேலைக்கு ஏன் வந்தாய் என்கிறார். அப்புறம்தான் உறைத்தது. ‘உட் கயா’ என்றால் இங்கே செத்துப்போனார் என்றும் பொருள். பிரபு என்று யாரோ என் வீட்டில் இறந்துவிட்டதாக நினைத்துவிட்டார்!

பேசாமல் திரும்பியிருக்கலாம். சம்பளத்தோடு லீவும் கிடைத்திருக்கும். ஆனால் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளிலேயே அவரைச் சாகடித்து லீவு வாங்க எனக்கு மனம் வரவில்லை. “மரா நஹி மேடம். யேசு பிரபு. ஜிந்தா ஹை!” என்றேன். சாகவில்லை, உயிரோடிருக்கிறார்.

சவிதா என்னையே பார்த்தார். பிறகு கையை விட்டார். “ஜிந்தா ஹை? தோ பைட். காம் கர்.” உயிரோடிருந்தால் உட்கார்ந்து வேலையைப் பார்! பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அன்று வாய்க்குள் ஜெபிக்கவில்லை, சத்தமாகவே பாடினேன். யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் என் கணவரே, “வேதத்த எடு” என்றார். இங்கேயே பிறந்த எங்கள் மகள் ஜெசிக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த பகுதியை அவள் இந்தியில் வாசித்தாள். நான் தமிழ் வேதாகமத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டேன். அவள் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, என் விரல் இன்னும் கல்லறைத் தோட்டத்திலேயே நின்றிருந்தது.