கொக்கியில் சுற்றிய கம்பி

திருமங்கலத்தில் ஓர் அரிசி ஆலைக்குக் கூரை போட்டோம். நான் மேற்பார்வையாளர். சாரம் கட்ட நாளாகும் என்று, மணல் ஏற்றும் இரும்புத் தொட்டியில் ஆட்களை நிற்கவைத்து கிரேனில் தூக்கினேன். கொக்கியின் வாயை மூடும் பூட்டு உடைந்தபோது, "கட்டுக்கம்பியச் சுத்துங்க, போதும்" என்றவனும் நான்தான்.

ஒரு வாரம் கழித்து, போல்ட்டுகளைப் பார்க்க நானே அதில் ஏறினேன். முப்பதடி உயரத்தில் அண்ணாந்து பார்த்தால், கம்பி அவிழ்ந்து தொங்கியது. தொட்டி ஆடும்போதெல்லாம் அதைத் தாங்கிய சங்கிலி கொக்கியின் வாய்ப்பக்கம் நகர்ந்தது. "இறக்கு, இறக்கு" என்று கத்தினேன்.

இறங்கியதும் ஃபிட்டர் மாரிமுத்துவிடம், "கம்பி அவுந்து கெடக்கு, சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அதப் பாத்துக்கிட்டேதாண்ணே தெனமும் மேல போறோம்" என்றார்.

அன்றே சாரம் கட்டச் சொன்னேன். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கத்தான் அவர்களை ஒரு வாரம் அந்தக் கம்பியை நம்பித் தொங்கவிட்டிருந்தேன்.