எங்கள் முகங்கள் கூரை ஏறிய கதை

எங்கள் திருச்சபையில் நற்பணிக் குழுச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஓவர்டைம் மட்டும் உண்டு. அந்தப் பதவியிலிருந்து மீண்ட தென்காசி நண்பர்களுக்கும், என்னைப்போல் இன்னும் மீளாதவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

கை தூக்குதல்

குற்றாலத்தில் சிப்ஸ் கடை போட்டிருக்கும் ரூத் அக்காவின் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. சாரல் மழை தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. அவருக்கோ ஆஸ்துமா, நனைந்தால் ஆகாது. உற்சாகமாய்க் கொடுப்பதைப் பற்றிக் குருவானவர் உருகிப் பிரசங்கித்தார். முடிந்ததும், தகரம் யார் தருவீர்கள் என்று கேட்டேன். உற்சாகம் என்பதற்கு அகராதியில் பல பொருள் உண்டு. எங்கள் சபையில் ஒன்றுதான்: கை தூக்குவது. பதினான்கு கைகள் உயர்ந்தன.

மறுநாள் போனை எடுத்தவர் ஒரே ஒருவர், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி தாசையா அண்ணாச்சி. தொழுவத்திலிருந்து கழற்றிய தகரங்களை அனுப்பினார். ஒவ்வொன்றின் வழியாகவும் வானம் தெரிந்தது. கேட்டேன்.

"ஆணி அடிக்க நீங்க தனியா ஓட்டை போட வேண்டாம்லா."

இஸ்திரி போட்ட சேவை

சனிக்கிழமை கூரை போடப் பன்னிரண்டு பேர் வந்தோம், வெள்ளைச் சட்டையில். ஏணி வரவில்லை. இருபதடி பேனர் வந்திருந்தது. அதில் எங்கள் எல்லாருடைய முகங்களும். நட்டநடுவில் நான், தலைக்குச் சாயம் பூசிய காலத்துப் படம். தகரங்களைச் சுவரோடு சாய்த்து, பேனரைக் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு எல்லாரும் புளியறைக்குப் பரோட்டா சாப்பிடக் கிளம்பினார்கள். கூரை என்னாவது என்று பொருளாளரிடம் கேட்டேன்.

"போட்டோவுக்கு முன்னால ஏறினா சட்டை அழுக்காகும். இப்பம் ஏறலாம்னா பசிக்குது, அண்ணாச்சி."

எனக்கும் பசித்தது. போனேன்.

ஒரு கண் இங்கே

சாரல் சொல்லாமல் முந்தி வந்துவிட்டது. பதறிக்கொண்டு குற்றாலம் ஓடினேன். தெருவில் யாரையோ பிடித்து ரூத் அக்கா தகரங்களை ஏற்றியிருந்தார். அதன்மேல் எங்கள் பேனரை விரித்து ஓரத்தில் கல் வைத்திருந்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அக்காவுக்கு இருமலும் இல்லை. ஆனால் பேனர் பத்தடிதான் இருந்தது. மீதி எங்கே என்றேன். சிப்ஸ் வறுத்தபடியே எதிர்வீட்டுக் கூரையைக் காட்டிச் சிரித்தார்.

"பாதியக் கத்தரிச்சு அவளுக்குக் குடுத்துட்டேன், அண்ணாச்சி. பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு நனையுதால்லா. நடுவுல நீங்க இருந்தீங்க, பாத்துத்தான் வெட்டினேன். ஒரு கண்ணு இங்கன, ஒரு கண்ணு அங்கன."

இத்தனை வருடச் சேவையில் என்னில் பாதி பிறருக்குப் போனது அந்த ஒரு தடவைதான். அதையும் நான் கொடுக்கவில்லை.