பிள்ளை இறக்கிக் கல்லுக்குப் போகும் பாதை

அலுவலகத்தில் ஓய்வு பெறும் ஒருவருக்குப் பரிசு வாங்கத்தான் அன்று கண்டி நகரத்துப் புத்தகக் கடைக்குப் போனேன். மலைநாட்டுக்கென்று அங்கே ஒரு தனி அலுமாரி உண்டு. தோட்டத் துரைமார் எழுதிய வேட்டை நினைவுகள், தேயிலை வியாபாரத்தின் வரலாறு, பாடசாலைகளின் கிரிக்கெட் கதை, பறவைகள், அருவிகள் என்று கனமான புத்தகங்கள். தமிழில் ஒன்றுகூட இல்லை. மலையேறுபவர்களுக்கான ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே, கலஹாப் பக்கத்திலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் இறங்கும் பாதையின் படம் அதில் இருந்தது. மனிதர் காலடி படாத பாதை, தற்செயலாகத் தாம் கண்டுபிடித்தது என்று எழுதியவர் சொல்லியிருந்தார்.

நான் நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். பிறந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். என் அண்ணி இன்றும் அங்கே கொழுந்து எடுக்கிறார். அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துப் பெண். கல்யாணத்தன்று மழையில், புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதை வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போதும் தினமும் காலையில் மேல் மலைக்கு வேலைக்குப் போவது அதே வழியில்தான்.

பரிசுக்கு வேறொன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தை எனக்காக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அண்ணிக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். அவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“மனுசன் காலே படலையா? அப்ப நாங்க என்னா, குரங்கா?” என்றார். ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, “நீ படிச்சவதானே, நீ எழுது” என்றார்.

அவர் அதைக் கோபத்தில் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வருடங்களில் மழை அடித்து ஊற்றாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நானும் அண்ணியும் நடந்தோம். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வோம். குறிப்பெழுதும் என் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பேன். அண்ணி முன்னால் நடந்தபடி பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். ஏற்றம் முடியும் இடம் மூச்சுவாங்கி மேடு. அந்தக் காலத்தில் ஒரு துரையின் தொப்பியைக் காற்று பள்ளத்துக்குக் கொண்டுபோன இடம் தொப்பி விழுந்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கதிரைபோல் சரிந்த பெரிய கல்லுக்குப் பிள்ளை இறக்கிக் கல் என்று பெயர். இடுப்பில் பிள்ளையோடு மலை ஏறிய பெண்கள் அங்கேதான் பிள்ளையை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட எந்த வரைபடத்திலும் இல்லை. நான் எல்லாவற்றையும் எழுதினேன். எத்தனை எட்டு, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த மாதத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு வளரும், எந்தத் திருப்பத்தில் கால் வழுக்கும் என்பது வரைக்கும்.

ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் எங்களை நிறுத்தினார். தோட்டத்துக்குள் என்ன எழுதுகிறீர்கள், யார் அனுமதி தந்தது என்று கேட்டார். ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அரச ஊழியரை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொப்பியை மூடப்போனேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

“ஐயா, நாளைக்குக் கொழுந்து எடுக்க இதே வழியாத்தான் வருவோம். அதுக்கும் எழுதிக் கேக்கணும்னா சொல்லுங்க, கேக்கிறோம். வேலை நேரம் போனா நாங்க பொறுப்பில்ல.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனார். அந்தக் கொப்பியை அதன்பிறகு நான் யாருக்காகவும் மூடவில்லை.

எழுதி முடித்ததும் நகரத்தில் புத்தகம் வெளியிடும் ஒருவரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர், நிறைய வாசித்தவர், மரியாதையாகப் பேசுபவர். ஒரு மாதம் வைத்திருந்து முழுவதையும் படித்தார். பிறகு கூப்பிட்டு, எழுத்து நல்லாயிருக்கிறது என்றார். ஆனால் இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், வரைபடத்தில் உள்ள பெயர்களைத்தான் போட வேண்டும், அட்டையில் சிரித்தபடி கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் வேண்டும் என்றார்.

“எங்கட ஆக்கள் பொழுதுபோக்குக்கு மலை ஏறுறேல்ல, தங்கச்சி. இதைத் தமிழில ஆர் வாசிக்கிறது?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. பொழுதுபோக்குக்கு நடக்காதவர்கள் நடந்ததாகவே கணக்கில் வரமாட்டார்களா என்று கேட்டேன். எழுதிய தாள் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பெயரைக்கூட மாற்றுவதில்லை என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில் கல்யாணக் கார்டும் பாடசாலைப் பயிற்சிப் புத்தகமும் அடிக்கும் ஓர் அச்சகம் இருக்கிறது. அதன் முதலாளி ஒரு முஸ்லிம்; அவரை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். நின்றபடியே முதல் சில பக்கங்களைப் படித்தவர் பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிள்ளை இறக்கிக் கல் வந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ட வாப்பா துணி மூட்டைய இந்தக் கல்லுலதான் எறக்கி வெச்சிட்டு லயத்துக்குப் போற. நாங்க இதுக்கு மூட்டக்கல்லுன்னுதான் சொல்ற. அதையும் எழுதுங்க தங்கச்சி. எழுதினா நான் அடிச்சித் தாறன்.”

அவருடைய தகப்பனார் தலைமூட்டையாகத் துணி சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவர். நானா சொன்ன எல்லாவற்றையும் எழுதி ஓர் அத்தியாயம் சேர்த்தேன். அந்தக் கல்லுக்கு இரண்டு பெயர்களையும் போட்டேன். அட்டையில் பெண்ணின் படம் இல்லை, பாதையின் படம்தான். புத்தகம் கோவில் மண்டபத்தில் வெளியானது. வாசிக்கத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, இந்த இடத்தில் தப்பு, அந்த இடத்தில் இன்னொரு ஊற்று இருக்கிறது என்று சண்டை பிடித்தார்கள்.

கேட் வந்தது அதற்குப் பிறகுதான். உச்சிக்கு அருகே புதிதாக எழுந்த ஒரு விடுதி, பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது. வேலைக்குப் போகும் பெண்கள் மலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. முறைப்பாடு செய்தோம். பிரதேச செயலகத்தில் விசாரணை நடந்தது. அங்கே பாதை என்று எதுவும் பதிவில் இல்லை என்றார் விடுதிக்காகப் பேச வந்தவர். அண்ணி எழுந்து போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

விசாரணை செய்த அதிகாரி சிங்களப் பெண்மணி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பக்கம் பக்கமாகச் சிங்களத்தில் சொன்னேன். இது வெறும் புத்தகம்தானே என்று விடுதிக்காகப் பேசியவர் குறுக்கிட்டார். கூட வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் எந்த வயதிலிருந்து அந்த வழியில் நடக்கிறோம் என்று சொன்னார்கள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். அலுவலகச் செருப்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழுப் பாதையும் நடந்தார். அட்டை கடித்ததைப் பொருட்படுத்தவில்லை. அண்ணி சொன்ன பெயர்களைச் சிங்கள எழுத்தில் தன் கோப்பில் எழுதிக்கொண்டார். பாதையைத் திறந்து வைக்க வேண்டும் என்று செயலகத்திலிருந்து கடிதம் வந்தது.

பூட்டைக் கழற்றினார்கள். மூன்று மாதம் போக, திரும்பவும் பூட்டினார்கள். இந்த முறை யாரும் கடிதம் எழுதவில்லை. காலையில் வேலைக்குப் போன பெண்கள் கேட்டைக் கீல்களிலிருந்து தூக்கிப் பாதை ஓரத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். பொலிஸ்காரர் வந்து விசாரித்தபோது அண்ணிதான் பதில் சொன்னார்.

“உடைக்கல மாத்தயா. வழில நின்னுச்சு, எடுத்து ஓரமா வச்சோம். அவங்க சாமான் அப்படியே இருக்கு.”

செயலகக் கடிதத்தின் பிரதியையும் அவரிடம் நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விடுதிக்காரர்கள் அந்தக் கேட்டை எடுத்துப்போக வரவில்லை. அது இன்னும் மானாப்புல்லுக்குள் கிடக்கிறது. வெயில் அடிக்கும்போது பெண்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் தங்கள் நனைந்த படங்குச் சாக்குகளை அதன்மேல்தான் காயப்போடுகிறார்கள்.