சாய அண்டாவின் பச்சைக் களிம்பு

என் கணவர் காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுபவர். மகன் பிறந்த சில மாதங்களில் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

"ஏம்மா அழுதுக்கினு இருக்கே? செம்பு அண்டாவுல பச்சையாப் பூக்குதே களிம்பு, அத்த எண்ணெயில கொழச்சுத் தடவு. அதுல வெந்த பட்டே மினுங்குது, முடிக்கு ஆகாதா?" என்றார் மூத்த ஓரகத்தி.

எனக்கும் சரியென்றே பட்டது. தடவிக்கொண்டேன்.

மடியில் பால் குடித்த பிள்ளை, தொங்கிய முடியைப் பிடித்துச் சப்பியிருக்கிறான். பச்சையாக வாந்தியெடுத்துத் துவண்டான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"களிம்பு விஷம்மா. பிரசவத்துக்கப்புறம் கொட்டுற முடி தானா வளர்ந்துடும்," என்றார் டாக்டரம்மா.

வளர்ந்துவிட்டது.

இப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைப் பார்க்குமுன் தாயின் தலையை முகர்ந்து பார்க்கிறேன்.