தோட்டாவுக்குப் பூசும் மெழுகு

ஜசிந்தனைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓட்டைப் படகில் கடல் தாண்டி வந்தவன். வந்த நாட்டில், டூங்கபி என்ற புறநகரில் மாடி வீடுகளுக்குக் கூரை ஓடு மாற்றும்போது விளிம்பில் நின்றே தேத்தண்ணி குடிப்பான். ஆனால் தெருவில் பொலிஸ் கார் மெதுவாகப் போனால் போதும், முதுகு நனைந்துவிடும். அவனுடையது தற்காலிக விசா. பொலிஸ் பதிவில் ஒருமுறை பெயர் ஏறினால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினான். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும்தான் சொல்லுகினம் என்பான்.

அப்படிப்பட்டவன் தோட்டாவுக்குக் கிரீஸ் காய்ச்சினான் என்றால் நம்புவீர்களா? காய்ச்சினான். எல்லாம் வீட்டுக்காரர் ரொஸ் கிழவரால் வந்த வினை.

ரொஸ்ஸின் பின்வளவில் கிரானி பிளாட் என்று கட்டியிருந்த சின்னத் தனிவீட்டில்தான் அவனும் மனைவி கௌசிகாவும் குடியிருந்தார்கள். நிரந்தர விசா இல்லாதவனுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ரொஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் திறப்பைக் கொடுத்தவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய துவக்கு. லைசென்ஸ் உண்டு, கிளப் உண்டு. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தோட்டாவைத் தானே செய்வார். வெறும் ஈயம் குழலுக்குள் உரசி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குக் கிரீஸ் பூசவேண்டும். அதையும் கடையில் வாங்கமாட்டார். தேன்மெழுகு, வாஸ்லின், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் ஒன்றாக உருக்கி வீட்டிலேயே காய்ச்சுவார். இந்த வருடம் அவருக்குக் கை நடுக்கம் கூடிவிட்டது.

"ஜேஸ், கொஞ்சம் கிண்டித் தருவாயா?" என்று கேட்டார். அவன் சரியென்று மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

கௌசிகா குதித்தாள். "உங்களுக்கென்ன விசரே? இவ்வளவு தூரம் ஓடி வந்து, திரும்பவும் துவக்குச் சாமானிலயே கை வைக்கப் போறியள்?"

"மெழுகுதானப்பா. சமையல் மாதிரித்தான்."

"பொலிஸ் வந்து கேட்டா சமையல் எண்டு சொல்லுங்கோவன்."

 அவனுக்கும் அதே பயம்தான். வீட்டை விட்டு எழுப்பினால் எங்கே போவது என்ற பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை கராஜில் வேலை தொடங்கியது. தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் மெழுகுச் சட்டி. நேரே நெருப்பில் வைத்தால் பற்றிவிடும் என்று ரொஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். மெழுகு கரைந்து நல்ல வாசம் எழும்பியது. மேசையில் அடுக்கியிருந்த தோட்டாக்களின் பக்கமே பார்க்காமல் ஜசிந்தன் கிண்டினான்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். எட்டிப் பார்த்தான். பொலிஸ்! ஒரு ஆண், ஒரு இளம்பெண். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க இடைக்கிடை வருவார்கள். வரப்போவதாகப் போன்கூடப் பண்ணியிருந்தார்கள். ரொஸ்ஸுக்கு அது மீட்டர் பார்க்க ஆள் வருவது மாதிரி. அதனால் இவனிடம் சொல்லத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

ஜசிந்தன் மெழுகுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். புத்தியுள்ளவன் செய்யும் வேலையா இது? பேசாமல் நின்றிருந்தால் ஒரு குட் மோர்னிங்கோடு முடிந்திருக்கும். அவனோ தன் குசினிக்குள் பாய்ந்து, அரிசி வாளிக்குப் பின்னால் சட்டியை ஒளித்தான்.

"என்னத்தை உள்ளுக்குக் கொண்டு வாறியள்?"

"பொலிஸ். சத்தம் போடாதை."

ஓடிய வழியெல்லாம் மெழுகு சிந்தி, சீமெந்தில் மஞ்சளாக உறைந்திருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபடியே பொலிஸ்காரி வந்து கதவைத் தட்டினாள். கௌசிகா திறந்தாள். வந்தவள் ஏதோ கேட்டாள். இத்தனை வருடம் பேசிய ஆங்கிலம் ஜசிந்தனை அப்படியே கைவிட்டது. அவன் கண்ணுக்குச் சீருடை மட்டும்தான் தெரிந்தது.

அவனுடைய விரல்கள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கின. ஊரில் அவன் வயதுப் பெடியள் எல்லாருக்கும் இது பழகிப்போன காரியம். பஸ்ஸை மறித்து இறக்கும் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கிட்ட வந்தால், கேட்கமுதலே வலது தோளைத் திறந்து காட்டவேண்டும். துவக்குப் பிடித்தவன் தோளில் அடையாளம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அடையாளம் கண்டு கூட்டிப்போன பெடியன் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறமாட்டான். ஜசிந்தன் தோளைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.  கௌசிகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொலிஸ்காரி அந்தத் தோளைக் கிட்ட வந்து பார்த்தாள்.

"மெழுகு அங்கேயும் ஊற்றுப்பட்டதா?" என்று கேட்டாள். கொதிமெழுகு யார் மேலாவது பட்டுவிட்டதோ என்று பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள். பதிலுக்குக் காத்திராமல் குழாயைத் திறந்து, கிடந்த துணியை நனைத்து, அவன் தோளில் மெல்ல வைத்தாள்.

"கொஞ்ச நேரம் இப்படியே பிடித்திருங்கள்."

அங்கே ஒரு காயமும் இல்லை. அதைச் சொல்ல முடியாமல், துணியைப் பிடித்தபடி ஜசிந்தன் விக்கி விக்கி அழுதான். நன்றாக நோகிறதாக்கும் என்று நினைத்து, அவள் இன்னொரு துணியை நனைக்கப் போனாள்.