ஹுமாயூன் பாயின் அசெம்பிள் கடல்

ஹுமாயூன் பாய் கடையில் வாங்கிய எதையும் வாங்கினபடியே வைத்திருந்ததில்லை. அவருடைய சைக்கிளுக்குப் பிரேம் மதுரையில் வாங்கியது, ரிம் தென்காசியில் வாங்கியது, சீட் யாரோ வேண்டாமென்று போட்டது. ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும், பாய் இன்னொரு பக்கம் இழுப்பார். வீட்டு மிக்சிக்கு வேறொரு மிக்சியின் மோட்டார். அதைப் போட்டால் தெருநாய்கள் எழுந்து நின்றுகொள்ளும்.

என் பெயர் ஞானதுரை. ராஜபாளையத்தில் பாயின் பேண்டேஜ் துணிக் கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. ரேடியோ, டிவி ரிப்பேர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தது இரண்டே கட்சிதான். கம்பெனி செட் வாங்குகிறவர்கள் ஒரு கட்சி, உதிரி சாமான்களைச் சேர்த்து அசெம்பிள் செட் பூட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு கட்சி. கம்பெனி செட் ஆட்கள் என் கடைப் பக்கமே வரமாட்டார்கள். அசெம்பிள் கட்சியால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், அது கிறுக்கர்கள் கட்சி. அதற்குத் தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பாயின் மனைவி நூர்னிசா வேம்பார்க்காரர். கடலை ஒட்டி வீடு. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கடலே இல்லாத எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் அந்தத் தொண்டை இறங்கவில்லை. அடுக்களையில் நின்று பாயைத் திட்டினால் என் கடையில் ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்கள் ரேடியோ சரியாகிவிட்டதென்று நினைப்பார்கள். பெருநாள் முடிந்ததும் பிறந்த வீட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது முகம் கறுத்து, கருவாட்டுப் பொட்டலமும் பெரிய சிரிப்புமாக வருவார். எனக்கும் ஒரு பொட்டலம் உண்டு.

அவருடைய தாயார் இறந்த வருஷம் அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். செய்தி வந்த அன்று நூர்னிசா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "இனிமே கடலை யார் வீட்டுக்குப் போய்ப் பாக்க?" அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. கோபமில்லை, அழுகையுமில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, திட்டு மட்டும் வரவில்லை.

"துரை, படம் ஓடுது, சத்தம் வரல. அப்படி இருக்குடே வீடு" என்றார் பாய், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் என்னவோ செய்தது. ஸ்பீக்கர் போயிருந்தால் மாற்றிவிடலாம். இதற்கு என்ன செய்வது?

"வேம்பாருக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்களேன் பாய்."

"கூப்பிட்டேன். அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னு வேடிக்க பாக்க வரமாட்டேன்னுட்டா."

இந்த நேரம் பார்த்து பாயின் தங்கை மாப்பிள்ளை சேக் முகைதீன் ஊருக்கு வந்து சேர்ந்தார். மெட்ராஸில் பாரின் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் நின்றால் நமக்கும் நாலு நாளைக்கு சென்ட் வாசம் போகாது. மனிதர் வந்தவுடன் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல் தண்ணீர், உயிருள்ள பவளப்பாறை, அதன்மேல் பூப்போல விரிந்து ஆடும் ஜந்துக்கள், வரி போட்ட குட்டி மீன்கள்.

"ரெடிமேட் மச்சான். பொட்டியைத் தொறக்க வேண்டியது, தண்ணிய ஊத்த வேண்டியது, ப்ளக்கைச் சொருக வேண்டியது. லைட்டு, மோட்டாரு, மூடி எல்லாம் ஒண்ணா வருது. உப்புகூட மூட்டையில வருது. குழாய்த் தண்ணியில கலந்தா கடல் தண்ணி. கடலுக்கே போக வேண்டாம்!"

படத்தைப் பார்த்த பாயின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் மிக்சி விஷயத்திலும் பார்த்திருக்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெடிமேட் வேண்டாம் மச்சான். நாமளே பூட்டிருவோம்."

பிறகு ஊரில் வேறு பேச்சில்லை. டீக்கடையில் பாதிப்பேர் ரெடிமேட், பாதிப்பேர் அசெம்பிள். ரெடிமேடில் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருக்கும், மோட்டார் கெட்டால் மொத்தமும் கெட்டது, மெட்ராஸுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; நாமே சேர்த்தால் கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இது பாயின் வாதம். சட்டையையும் சாட்சிக்கு இழுத்தார். அவருக்குக் கை நீளம். எந்த ரெடிமேட் சட்டையும் மணிக்கட்டுக்கு முந்தியே நின்றுவிடும்.

"மீனுக்குக் கை கிடையாது பாய். ஒரு வாட்டி கம்பெனி சாமான் வாங்குங்க. உங்க சைக்கிளை நெனச்சுப் பாருங்க" என்றேன் நான். அசெம்பிள் கட்சியால் பிழைக்கிற நானே ரெடிமேடுக்கு ஓட்டுப் போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நூர்னிசாவிடமே கேட்டார்கள். "என்னமும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பாய் வேலையில் இறங்கினார்.

தொட்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரலிங்கத்தைப் பிடித்தார். பால்கோவாக் கடைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்கிறவர். அந்த ஊரில் அவர் கை படாத பால்கோவாக் கடை குறைவு. பாய் நீளம், அகலம், உயரம் சொன்னார், கண்ணாடி கனமாக இருக்க வேண்டும் என்றார், முன்பணமும் கொடுத்தார். எதற்கு என்று மட்டும் இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததென்று தகவல் வந்ததும் நானும் பாயும் போய்ப் பார்த்தோம். முன்பக்கம் அழகாகச் சரிந்திருந்தது. நடுவில் ஒரு தட்டு. பின்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு.

"கதவு எதுக்கு அண்ணாச்சி?" என்றார் பாய், குரல் கம்ம.

"கதவு இல்லாம எப்படி கோவா எடுப்பிய?"

"இது தண்ணி ஊத்தி மீன் விடுறதுக்கு."

சங்கரலிங்கம் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்லயே சொல்லப்பிடாதா? இந்த ஊர்ல கண்ணாடிக்குள்ள கோவாவைத் தவிர வேற எதை வைப்பாகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கதவுக்குப் பதில் முழுக் கண்ணாடியை வைத்துப் பசை போட்டு அடைத்தார். தட்டு பாறை வைக்க ஆகட்டும் என்று பாய் விட்டுவிட்டார். சரிவை மாற்ற முடியவில்லை. பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்தார். "காலியாத்தான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, முகம் வாடி நகர்ந்தார்.

அடுத்தது தண்ணீர். உப்பு ஏற்ற வேம்பார்ப் பக்கம் போகிற பால்ச்சாமியின் லாரியில் நானும் பாயும் போனோம். மீன்பிடிக்கிறவர்கள் வலையில் வந்த பாறைத் துண்டுகளைத் தந்தார்கள். அவற்றில் பழுப்பும் பச்சையுமாக என்னென்னவோ உயிரோடு ஒட்டியிருந்தன. வரி போட்ட குட்டி மீன்களும் நாலு கிடைத்தன. தொட்டிக்கு வேண்டிய தண்ணீரைப் பாய் தான் கொண்டுவந்த நீலநிறக் கேன்களில் நிரப்பினார். மீனுக்கும் பாறைக்கும் கேனில் வாய் போதவில்லை. கடைத்தெருவில் இரண்டு பிளாஸ்டிக் குடம் புதிதாக வாங்கி, அவற்றில் கடல் தண்ணீர் மொண்டு அதற்குள் விட்டோம். நூர்னிசா பிறந்த வீட்டுக்கு யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாய் அதைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இதை அவகிட்டச் சொல்லாத" என்றார்.

அது நோன்பு மாதம். வீட்டில் கேன்களைத் தொட்டியில் கவிழ்த்ததும் பாய் என்னைக் கூப்பிட்டார். "துரை, நீ நோன்பில்லைல்லா. கொஞ்சம் நாக்குல வச்சுப் பாரு. கடல் உப்பு சரியா இருக்கா?"

ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு சலவைக்குப் போட்டதுபோல் சுருண்டது. கடல் தண்ணீரை நான் எப்போது குடித்தேன், ருசி சொல்ல? "உப்பாத்தான் இருக்கு" என்றேன்.

பாய் பிஸ்மி சொல்லிக் குடத்திலிருந்து முதல் மீனை எடுக்கக் கை விட்டார். அப்போதுதான் நூர்னிசா அடுக்களையிலிருந்து வந்தார். அவரும் நோன்பு, நாக்கில் வைக்க முடியாது. ஆனால் மூக்குக்கு நோன்பு கிடையாதே. வாசலிலேயே நின்று ஒருமுறை இழுத்தார்.

"கைய எடுங்க!"

வீடு அதிர்ந்தது. பாயின் கை குடத்துக்குள்ளேயே நின்றது.

"இது கடலா? இது கடலா வாசம்? உங்க கடை பேண்டேஜ் வாசம்லா அடிக்கி! எந்தக் கேன்ல மோந்தீங்க?"

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறையில் பிளீச்சிங் மருந்து வைத்திருந்த கேன்கள். துணி வியாபாரிக்கு எங்கே திரும்பினாலும் கையில் கிடைப்பது அதுதான். "நல்லாக் கழுவித்தான்..." என்று பாய் ஆரம்பித்தார்.

"கழுவினாராம்! வெள்ளாவித் தண்ணிக்குள்ள மீனை விட்டு, அது செத்து மெதக்குறதையும் நான் பாக்கணுமா? புத்தி இருக்கா உங்களுக்கு? ஞானதுரை அண்ணே, நீங்களும் நக்கிப் பாத்துட்டுத் தலைய ஆட்டுறீங்களே, அந்த டிவிக்குள்ள உக்காந்து உக்காந்து உங்களுக்கும் கரன்ட் ஏறிட்டா? கடலாம்! கோவாப் பொட்டிக்குள்ள கடல்! பசிச்ச வயித்தோட என்னைப் பேச வச்சிட்டீங்களே!"

நோன்பு திறக்கிற நேரம் வரை திட்டினார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாய் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாவம் என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். மனிதர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"துரை, சத்தம் வந்திருச்சுடே" என்றார் என் காதில்.

நூர்னிசா தொட்டிக்கென்று வாங்கிய காற்றுக் குழாயைக் குடங்களில் போடச் சொன்னார், தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் வைக்கச் சொன்னார், உப்பு லாரி மறுபடி எப்போது போகிறது என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன்.

"நானும் வாரேன். உங்களை நம்பி இனிமே ஒரு சொம்புத் தண்ணி அனுப்ப மாட்டேன்."

வந்தார், சோற்றுப் பானை முதற்கொண்டு வீட்டுப் பாத்திரம் அத்தனையோடும். பச்சை வீட்டு வாசலைக் கடக்கும்போது அவர் திரும்பவே இல்லை. வேலையாக வந்தவருக்கு வேடிக்கை பார்க்க நேரமேது? கரையோரம் மோந்தால் மணல் கலங்கும், இன்னும் உள்ளே போங்க, இன்னும் உள்ளே என்று பாயை விரட்டினார். அலை வந்து பாயைக் குடத்தோடு உருட்டியது. கைலியை ஒரு கையிலும் குடத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து வந்தபோது நூர்னிசா சிரித்த சிரிப்பை லாரிக்குள் தூங்கிய பால்ச்சாமி எழுந்து வந்து பார்த்தார்.

அந்தத் தொட்டி பிழைத்தது, எனக்கே நம்ப முடியவில்லை. ட்யூப்லைட்டைப் பக்கவாட்டில் நான் மாட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் கொதிக்காமலிருக்க, வெளுக்காத பேண்டேஜ் துணியை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார் பாய். அடிபட்ட பால்கோவாக் கடை போலத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் துணியை விலக்கினால் பாறையில் ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாய் விரியும். பார்த்துக்கொண்டேயிருக்கலாம்.

ஒரே தொல்லை, தண்ணீரை மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும் என்று மீன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நூர்னிசா கணக்குப்படி அது போதாது. "தண்ணி பழசாயிட்டு" என்பார். என் கண்ணுக்கு அது புதிதாகத்தான் தெரியும். லாரி கிளம்புகிற அன்று பார்த்து அது பழசாகிவிடும். போனால் கையோடு பழைய பக்கத்து வீட்டுக்காரிகளைப் பார்த்து, நாலு சண்டை போட்டு, முகம் கறுத்துத் திரும்புவார். எனக்குக் கருவாட்டுப் பொட்டலம் மறுபடி வர ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் சேக் முகைதீன் வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், துணியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார்.

"மச்சான், பாரின் உப்பு. காசு வேண்டாம், என் தங்கச்சி நூர்னிசாவுக்கு நான் கொடுக்கிறது. குழாய்த் தண்ணியில கலந்தா போதும். பாவம், உப்பு லாரியில ஏறி அலைய வேண்டாமே."

அன்று லாரி போகிற நாள்; குடம் கழுவிக்கொண்டிருந்த நூர்னிசாவின் கை நின்றது. முகத்தில் ஒன்றுமே இல்லை. பழைய "என்னமும் செய்யுங்க" வந்து உதட்டில் நிற்பது எனக்கே தெரிந்தது. நான் பாயைப் பார்த்தேன். கலக்குகிற வேலை! தன் கையால் அளந்து, கரைத்து, கடலையே வீட்டில் பூட்டுகிற வேலை! இதைவிடப் பெரிய அசெம்பிள் உலகத்தில் உண்டா? அவர் கை தன்னால் மூட்டையின் பக்கம் போனது. தடவியும் பார்த்தது.

பிறகு அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"நல்ல சாமான்தான் மச்சான். ஆனா நமக்கு ஆகாது. இது ரெடிமேட்."

நூர்னிசா குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

"அங்க என்ன பேச்சு? வெயில் ஏறுது" என்றார், தெருமுனை வரை கேட்கிற குரலில். "பால்ச்சாமி ஹாரன் அடிக்காரு, காது கேக்கலியா?"

லாரி இன்னும் வந்திருக்கவேயில்லை.