அத்தை மகளின் மூன்று மாடி

எனக்கு ஒன்பது வயதாகும் வரை எங்கள் வீட்டில் எனக்குப் போட்டியாக யாரும் இருந்ததில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. ஆம்பூரில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடுகிற இடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். பகல் முழுவதும் ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு, பட்டை வாசனையும் தோல் நாற்றமும் கூடவே வர அவர் வீடு திரும்புவார். அப்பா தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வேன்.

தை முடிந்த சமயத்தில் பட்டணத்திலிருந்து மாமா வந்தார். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கில் அவருக்கு வேலை. ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் என் வயதே இருக்கும் அத்தை மகள். உட்காரக்கூட இல்லை, காப்பியை நின்றபடி குடித்தார். அப்பாவும் அவரும் வாசலுக்கு வெளியே போய் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவர் அன்று சாயங்கால ரயிலுக்கே திரும்பிப் போய்விட்டார். பெட்டியும் பெண்ணும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

அவள் காலில் வார் வைத்த கறுப்பு ஷூ இருந்தது. ஊர் ஊராகத் தோல் அனுப்புகிற ஊரில் பிறந்த நான் வெறுங்காலோடு நின்று அதைப் பார்த்தேன். என் பொறாமை அங்கே, அந்த ஷூவின் பித்தளைக் கொக்கியில் ஆரம்பித்தது.

"அத்தை எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அத்தைக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல. பட்டணத்துல பெரிய கட்டடத்துல மேல் மாடியில வச்சிருக்காங்க. நல்லா காத்து வாங்கினா தேறிடும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டங்கள் மாறின. அத்தை மகளுக்கென்று தனியாக ஒரு பீங்கான் தட்டு வந்தது. தனியாக ஒரு கண்ணாடி டம்ளர். அதை அம்மா வேறு எதனோடும் சேர்க்காமல் வெந்நீரில் கழுவி ஜன்னல் வெயிலில் கவிழ்த்து வைப்பாள். காற்று வருகிற ஜன்னலோரம் அவளுக்குத் தனிப் பாய். காலையில் முட்டை, சாயங்காலம் பால். அவளோடு ஒட்டிப் படுக்கக் கூடாது, அவள் தலையணையை எடுக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் ஏகப்பட்ட கட்டளை. அரண்மனையிலிருந்து வந்த பிள்ளையைப் போல அவளைப் பாதுகாக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அதே பழைய அலுமினியத் தட்டுதான்.

ஒருநாள் அவள் பாதியில் வைத்துவிட்டுப் போன பாலை அந்தக் கண்ணாடி டம்ளரிலேயே எடுத்து வாயில் வைத்தேன். அம்மா எங்கிருந்து பாய்ந்து வந்தாளோ தெரியாது. டம்ளரைத் தட்டிவிட்டாள். என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அத தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? வாய கொப்பளி! போய் கொப்பளிடி முதல்ல!"

ஒரு வாய்ப் பாலுக்காக என்னை அடித்தவள், அதன் பிறகு மூலையில் உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கிய நான் அழாமல் நின்றேன். என் தாய்க்கு என்னைவிட அவள் பெரிதாகிவிட்டாள் என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று.

அதைவிடப் பெரிய துரோகத்தை அப்பா செய்தார். வந்த முதல் வாரத்தில் ஷாப்பு நாற்றம் தாங்காமல் அத்தை மகள் வாந்தி எடுத்தாள்.  மறுநாள் முதல் அப்பா ஷாப்புக் கிணற்றிலேயே குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவர் வந்ததே எனக்குத் தெரியவில்லை.

இப்படி எல்லாம் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அது இங்கிலீஷ் பரீட்சை. வருஷா வருஷம் வேலூரிலிருந்து துரைசானி அம்மா ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஒவ்வொரு பெண்ணையும் எதிரில் நிறுத்தி இங்கிலீஷில் பேசச் சொல்வார். நன்றாகப் பேசுகிற ஒருத்திக்கு வேலூர் போர்டிங்கில் இடம் கிடைக்கும். சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் மிஷன் பொறுப்பு. அப்பா அதைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். "என் பொண்ணு தொட்டிப் பக்கமே வரக் கூடாது. டீச்சரா ஆவணும்" என்பார். வகுப்பில் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேச யாரும் இல்லை. அத்தை மகள் வந்து சேரும் வரையில் இல்லை.

அந்த வருஷம் பேச வேண்டிய விஷயத்தை டீச்சரம்மா ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். உயரமான கட்டடங்கள். நீங்கள் பார்த்த உயரமான கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்.

எனக்குக் கண்ணீர் முட்டியது. மாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கலாம், மழையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கலாம். பட்டணத்திலிருந்து ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிற வருஷத்தில்தானா கட்டடம்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதேன். அவர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் என்னை ஷாப்பு முதலாளியான சாயபுவின் மெத்தை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஊரில் அவ்வளவு பெரிய மாடி வேறு கிடையாது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். சாயபுவின் மனைவி பீபீ அம்மா வெளியே வந்து என் தாடையைப் பிடித்தார். சின்னப் பெண்களையெல்லாம் அவர் உருதுவில் 'பேட்டி', மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா பேட்டி, எங்க வூட்ட பத்தி இங்கிலீஷ்ல பேசப் போறியா? வா, வா, மேல வந்து நல்லா பாரு. ஜாஸ்தி புகழ்ந்து சொல்லணும், ஆமா!"

மரப்படி ஏறினேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல், தேக்குத் தூண், மொட்டை மாடியில் புறா. அங்கிருந்து பார்த்தால் பாலாறும் ரயில் பாதையும் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் வார்த்தை தேடிக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்கு வந்து அத்தை மகளிடம் எல்லாவற்றையும் அளந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ ரெண்டு மாடிதானா?" என்றாள்.

அவள் குரலில் கேலியே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பரீட்சை அன்று எங்களைச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தார்கள். துரைசானி அம்மா மூக்குக்கண்ணாடியும் பென்சிலுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிலர் சர்ச் கோபுரத்தைச் சொன்னார்கள். ஒருத்தி ஷாப்பின் புகைப்போக்கியைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். என் முறை வந்தபோது நான் தடங்கலில்லாமல் பேசினேன். கண்ணாடி, தூண், ஆறு, ரயில் எதையும் விடவில்லை. துரைசானி அம்மா தலையசைத்துக்கொண்டே, அந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டார். சாயபு, பீபீ அம்மா, புறாக்கள் என்றேன். அவர் சிரித்து ஏதோ குறித்துக்கொண்டார். டீச்சரம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வேலூர் போர்டிங்கின் கட்டில் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அடுத்து அத்தை மகள். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாள். இலக்கணம் அங்கங்கே தடுக்கியது. என்னைவிட அவள் ஒன்றும் நன்றாகப் பேசவில்லை. இதை இன்றைக்கும் நான் சொல்வேன். அந்தக் கட்டடம் மூன்று மாடி என்றாள். வெளியே நீளமான தாழ்வாரம், அதில் வெள்ளைக் கட்டில்கள். பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள், அதனால் தான் படி ஏறியதே இல்லை. தோட்டத்து மரத்தடியில் நிற்க வேண்டும். அவள் அப்பா ஒரு ஜன்னலைக் காட்டுவார். அந்த ஜன்னலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை ஆடும்.

துரைசானி அம்மா எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். யார் அங்கே வசிக்கிறார்கள்?

"மை மதர் லிவ்ஸ் தேர்" என்றாள் அத்தை மகள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கேட்காமலேயே சேர்த்துக்கொண்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கப்பலெல்லாம் தெரியுமாம். ஆனால் அம்மா கப்பலைப் பார்ப்பதில்லை. "ஷீ சீஸ் மீ."

துரைசானி அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டீச்சரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்த வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து, முழங்காலிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டார். எங்களில் யாரையும் அவர் விரலால்கூடத் தொட்டதில்லை.

போர்டிங் இடம் அவளுக்கே என்று அன்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள்.

அவள் ஜூன் மாதத்தில் வேலூருக்குப் போனதும், அதற்கு முன்பே பட்டணத்திலிருந்து தந்தி வந்ததும் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காமல் இருப்பது அன்றைய சாயங்காலம்தான்.

வீடு வரும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஷூ இருக்கிறது, பீங்கான் தட்டு இருக்கிறது, என் அப்பாவும் கிடைத்துவிட்டார், இப்போது வேலூரும் கிடைத்துவிட்டது. எல்லாம் எதனால்? அவள் அம்மா மூன்றாவது மாடியில் வெள்ளைக் கட்டிலில் காற்று வாங்குகிறாள். என் அம்மாவோ தரையோடு தரையாக இருக்கிற சமையலறையில் புகையில் இருமிக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் எந்த மாடிக்கும் கூப்பிடவில்லை.

விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். வரிசையாக முழங்காலில் நின்றோம். அப்பா முதலில் ஜெபித்தார். அத்தை பெயர் வந்த இடத்தில் அவர் குரல் வழக்கம்போல இறங்கிப்போயிற்று. பிறகு, "நீ ஜெபம் பண்ணும்மா" என்று என்னிடம் சொன்னார். தோற்றுப்போன பெண்ணைத் தேற்றுகிற குரல்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, எங்க அம்மாவையும் பட்டணத்துல அந்தப் பெரிய கட்டடத்துக்குக் கொண்டு போய் வையும். மேல் மாடியில அத்தை பக்கத்துக் கட்டில்லயே வையும். சீக்கிரமா வையும். நானும் கீழ மரத்தடியில நின்னு கை காட்டணும். ஆமென்."

 அத்தைக்கு வந்திருந்தது எலும்புருக்கி என்கிற காசநோய். அந்தத் தாழ்வாரத்துக்கு ஏறிப் போனவர்களில் அநேகர் தாமாக இறங்கி வருவதில்லை. அப்பாவுக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணைத் திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான். அடிப்பாள் என்று முதுகை வளைத்தேன். அவள் கை எழவில்லை. அப்பா பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் அவரால் போக முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் முழங்காலில் நின்ற அத்தை மகள் என் கையைப் பிடித்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"மாமி வந்துட்டா எங்கம்மாவுக்குப் பேச்சுத் துணையா இருக்கும், இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஆமென் சொன்னாள்.

அன்று எங்கள் வீட்டில் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.